ஒரு கிள்ளு சிவப்புப் பொடி

எடுத்துட்டேன். கண்டிப்பா எடுத்துட்டேன். எடுக்காம எப்படி வந்திருப்பேன்? பதினோரு வருசமா லிஃப்ட் மெக்கானிக்கா இருக்கேன், போட்ட ஒயரை எடுக்காம ஒரு நாளாவது பேனலை மூடியிருக்கேனா? இல்ல. அப்ப நேத்தும் எடுத்துட்டேன். முடிஞ்சு போச்சு. வெங்காயத்தை உரிடா சோலைராஜு. ஞாயித்துக்கிழமை, காலையில பத்து நாப்பது, அடுப்புல பருப்பு ரெண்டு விசில் விட்டுருச்சு, இன்னும் ஒண்ணு பாக்கி, எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. எதுத்தாப்புல கட்டில்ல என் பொண்டாட்டி வினோதினி சாஞ்சு உக்காந்துக்கிட்டு, ஏழு மாச வயித்துக்குக் கீழ தொடையில தலகாணி, தலகாணி மேல லேப்டாப்பு, விழுந்து விழுந்து சிரிக்கிறா. "செத்துட்டேங்க! பொத்துனு உள்ள விழுந்து செத்துட்டேன்!" சிரிக்காத வினோ, வயிறு குலுங்குது, டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னு என் வாய் சொல்லுது. வாய் நல்லாத்தான் பேசுது. கைதான் கத்தியைப் புடிச்சுக்கிட்டு சும்மா நிக்குது. அவ விழுந்தது வெளையாட்டுல. வெளையாட்டுக் குழிக்குள்ள, வெளையாட்டு லிஃப்டுக்குள்ள. விழுந்த மறு நொடி அந்தப் பொம்மை அதோட கட்டில்ல எந்திரிச்சு உக்காந்துக்கிச்சு. அங்க அப்படித்தான், செத்தா கட்டில்ல முழிப்பு வரும். எனக்கு ஏன் உள்ளங்கை வேர்க்குது?

கட்டை அடுக்குற வெளையாட்டு அது. மண்ணு ஒரு கட்டை, தண்ணி ஒரு கட்டை, ஆடு மாடு மூஞ்சி எல்லாம் கட்டை. புள்ள பொறக்குற வரைக்கும் படுத்தே இருக்கணும்னு ஆஸ்பத்திரியில சொன்ன அன்னைக்கு இவ தம்பி ஏத்திக் குடுத்துட்டுப் போனான். மொதல்ல வீடு கட்டுனா, சரி, பொம்பளப் புள்ள பொம்மை வீடு கட்டுறான்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா கரும்பு தானா வெட்டி விழுது, கோழி போட்ட முட்டை தானா பொட்டிக்குள்ள போகுது, தரையில ஒரு எடத்துல கால வச்சா சுவரு ரெண்டா விலகுது. அதுல சிவப்புப் பொடினு ஒண்ணு இருக்கு, தரையில கோலப்பொடி மாதிரி இழுத்துவிட்டா அதுதான் ஒயரு, அதுல கரண்ட் ஓடும். கரண்ட் பட்டா தள்ளுற கட்டை, கரண்ட் வந்தா அணையிற வெளக்கு, எல்லாம் இருக்கு. நான் ஐடிஐயில ரெண்டு வருசம் முக்கி முக்கிப் படிச்சதை இவ படுத்துக்கிட்டே ரெண்டு மாசத்துல புடிச்சுட்டா. இன்னைக்குக் காலையில லிஃப்ட் கட்டுறேன்னு ஆரம்பிச்சா. "இது உங்க தொழிலு, இஞ்சினியர் சார், நீங்கதான் சொல்லணும்." நான் இஞ்சினியர் இல்லன்னு தெரிஞ்சே கொழுப்பெடுத்துப் போய்ச் சொல்றது. நானும் பெருமையா சொன்னேன்: மொத விதி, எந்த மாடியிலயும் கதவு பூட்டாம லிஃப்ட் நகரவே கூடாது. இவ ஒவ்வொரு கதவுல இருந்தும் பொடியை இழுத்து ஒண்ணுக்கொண்ணு கோத்தா. எல்லாக் கதவும் பூட்டுனாத்தான் கரண்ட் போகும். போட்டு முடிச்சா லிஃப்ட் அசையல. "இருங்க, கதவுலதான் கோளாறானு பாக்கறேன்"னு சொல்லி, கதவையெல்லாம் சுத்திப் போகாம, குறுக்கால ஒரே ஒரு கிள்ளு பொடியைப் போட்டா. லிஃப்ட் ஜம்முனு ஏறிருச்சு. "ஆங், கதவுதான்." கதவைச் சரி பண்ணுனா. அப்புறம் பொம்மையை நடத்திக்கிட்டுப் போனா, கதவு தொறந்து கெடக்க லிஃப்ட் பாட்டுக்கு மேல போயிருச்சு, கால வச்சா, பொத்து. சிரிச்சு முடிச்சுட்டுச் சொன்னா: "அட, குறுக்கால போட்ட பொடியை எடுக்க மறந்துட்டேங்க." அவ்வளவுதான் சொன்னா. அந்த நிமிசத்துல இருந்துதான் நான் இப்படி உக்காந்திருக்கேன்.

நேத்து பழங்காநத்தத்து அப்பார்ட்மெண்ட்ல நானும் அதையேதான் செஞ்சேன். அஞ்சு மாடி, பழைய லிஃப்ட், கையால இழுத்துத் தொறக்குற கதவு. லிஃப்ட் ஓடலைன்னு கம்ப்ளெயிண்ட். மொட்டை மாடி மிஷின் ரூமுக்குப் போனேன், பேனலைத் தொறந்தேன், கதவுப் பூட்டு லைன்ல சப்ளை வரல. எந்த மாடினு கண்டுபுடிக்கணும். மஞ்ச ஒயரு, என் பையிலயே இருக்கும், ரெண்டு முனையிலயும் கிளிப்பு, அதைக் குறுக்கால போட்டேன். லிஃப்ட் ஓடுச்சு. அப்ப கதவுதான். ஒவ்வொரு மாடியா எறங்கிப் பாத்தேன், ரெண்டாவது மாடியில பூட்டுக் கொக்கி பிடிக்கல, ஸ்பிரிங் தொஞ்சு போயி நாக்கு மாதிரி தொங்குது. புது ஸ்பிரிங் பையில இல்ல. பழசையே கழட்டி ரெண்டு சுத்து இறுக்கி மாட்டுனேன், கதவைச் சாத்தி இழுத்துப் பாத்தேன், பிடிச்சுது. அதுக்கப்புறம்? அதுக்கப்புறம் மேல போயி ஒயரை எடுத்துட்டு, பேனலை மூடிட்டு, கிளம்பணும். மேல போனேன். படியேறித்தான் போனேன், மூச்சு வாங்குனது ஞாபகம் இருக்கு. மிஷின் ரூம்ல புறா எச்ச வாடை. அது ஞாபகம் இருக்கு. பேனல் கதவைச் சாத்துன சத்தம், டக்குனு அந்தப் பூட்டு விழுற சத்தம், அதுகூட இப்பக் காதுல கேக்குது. கேக்குது இல்ல? அப்ப எடுத்துட்டேன். ஒயரு உள்ள இருந்தா பேனல் கதவு மூடாது, வேணும்னேதான் அதை அவ்வளவு நீளமா வச்சிருக்கேன். ஆனா அந்த டக்கு நேத்து கேட்ட டக்கா? வியாழக்கிழமை தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு ஹாஸ்டல்ல கேட்டது எப்படி இருந்துச்சு? அதுவும் டக்குதான். ஒரு மாசத்துல முப்பது நாப்பது டக்கு. எல்லாப் பேனலும் ஒரே சாம்பக் கலரு. எல்லா மிஷின் ரூம்லயும் புறா. எது எந்த நாளுன்னு யாரு எழுதி வச்சா? விசில் வந்துருச்சு. எந்திரிச்சுப் போயி அடுப்பை அணைச்சேன். அணைச்சேனான்னு திரும்பிப் பாத்தேன். அணைஞ்சுதான் இருக்கு.

எனக்குன்னு ஒரு வழக்கம் வச்சிருக்கேன்ல. குறுக்கால போடுற அந்த ஜம்பர் ஒயரை மாட்டுன உடனே பைக் சாவியைப் பேனலுக்குள்ள அந்த ஒயரு மேலயே தொங்கவிட்டுருவேன். மறந்து எறங்கிட்டாலும் பைக்கிட்ட போயி பாக்கெட்டைத் தடவுவேன், சாவி இருக்காது, ஆத்தாடின்னு திரும்ப மேல ஏறுவேன். பதினோரு வருசத்துல மூணு தடவை அப்படி ஏறியிருக்கேன். மூணு தடவை அந்தச் சாவி காப்பாத்தியிருக்கு. யாரைக் காப்பாத்துச்சுன்னு எனக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது. புதுசா சேர்ற பயலுககிட்டயெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி நெஞ்சை நிமித்திக்குவேன். நேத்து பைக்கு எங்க இருந்துச்சு? கிளட்ச் போயி வெள்ளிக்கிழமையே ஒர்க் ஷாப்ல விட்டாச்சு. நேத்து போனது பஸ்ல. பஸ்ல போறவனுக்கு எதுடா சாவி? கூறுகெட்டவனே, வேற எதையாவது தொங்கவிட்டிருக்கலாம்ல, போனைத் தொங்கவிட்டிருக்கலாம், பர்ஸைத் தொங்கவிட்டிருக்கலாம், செருப்பைக் கழட்டித் தொங்கவிட்டிருக்கலாம். வழக்கம் வழக்கம்னு பீத்திக்கிட்டு, வழக்கம் இல்லாத அன்னைக்கு வெறும் ஆளாப் போயி நின்னுருக்கேன். கண்ணு எரியுது. வெங்காயந்தான். வினோ கேக்கறா: "என்னங்க, பொடியை எடுத்துட்டேன், இப்பக் கதவு பூட்டாம லிஃப்ட் போக மாட்டேங்குது, சரிதான?" சரிதான். ரொம்பச் சரி. "அப்ப நீங்க ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" வெங்காயம்டி. "ம்க்கும். வெங்காயத்துக்கு யாரும் வெளிறிப் போக மாட்டாங்க."

இவகிட்ட சொல்ல முடியாது. சொன்னா நேத்து நாலு மணியைச் சொல்லணும். நாலு மணிக்கு இவ போன் பண்ணுனா. நான் ரெண்டாவது மாடியில ஸ்பிரிங்கை மாட்டிக்கிட்டிருந்தேன், இல்ல மாட்டி முடிச்சுட்டேன், இல்ல மேல ஏறிட்டேன், ஐயோ அதுதான தெரியல. போன்ல ஒரே அழுக. "என்னங்க... மத்தியானத்துல இருந்து அசைவே தெரியலங்க." அவ்வளவுதான், அதுக்கப்புறம் எனக்கு எதுவும் தெரியாது. ஆட்டோவுல உக்காந்திருக்கேன். ஆட்டோக்காரர்கிட்ட சீக்கிரம் போங்கண்ணேன்னு கத்துறேன். ஆஸ்பத்திரியில அந்த மிஷினை வயித்துல வச்சு, ரெண்டு நிமிசம் ஒண்ணுமில்ல, நர்சு அங்கிட்டும் இங்கிட்டும் நகர்த்துது, அப்புறம் குதிரை ஓடுற மாதிரி தடதடதடன்னு ஒரு சத்தம். புள்ள நல்லாத்தான் இருக்கு, தூங்கியிருக்கும், அம்மா பதட்டப்படக் கூடாது, அதிர்ச்சி ஆகாம பாத்துக்கங்கன்னு டாக்டரம்மா என்னையப் பாத்துச் சொன்னாங்க. நான் சுவத்துல சாஞ்சு அழுதேன். போனு வந்ததுக்கும் ஆட்டோவுக்கும் நடுவுல என்ன செஞ்சேன்? பையை எடுத்தேன். பையைத்தான் எடுத்தேன், இந்தா கதவுக்குப் பின்னாடி தொங்குது. அதுக்குள்ள ஒயரு இருக்கானு பாத்தா முடிஞ்சு போச்சு. இத்தனை நேரம் ஏன்டா இது தோணல? எந்திரிச்சேன். தோணாம இல்ல. பாக்கப் பயம். கை வேர்த்துப் போயி ஜிப்பு நழுவுது. டெஸ்டர் இருக்கு, ஸ்பேனர் செட்டு இருக்கு, துணி இருக்கு, கிரீஸ் டப்பா, பாதி பிஸ்கட் பாக்கெட்டு. மஞ்ச ஒயரு இல்ல. அடி ஜிப்பைத் தொறந்தேன். இல்ல. பேண்ட் பாக்கெட்டு? பேண்ட்டு நேத்தே தொவைச்சுக் கொடியில கெடக்கு, பாக்கெட்டுல ஒண்ணுமில்லன்னு பாத்துட்டுத்தான் நனைச்சேன். ஆட்டோவுல விழுந்திருக்கலாம். ஆஸ்பத்திரியில விழுந்திருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம்.

சரி, பதறாத. வினோ சொல்ற மாதிரி ஒண்ணொண்ணா கட்டிப் பாரு. அவளுக்கு ஒரு மெஷின் ஓடலைன்னா தலையைப் பிச்சுக்க மாட்டா, தனியா ஒரு காலி எடத்துக்குப் போயி அதே மாதிரி இன்னொண்ணு கட்டி, ஒவ்வொரு கட்டையா வச்சுப் பாப்பா. "வினோ, அஞ்சு மாடி வச்சு ஒண்ணு கட்டேன்." "எதுக்குங்க?"ன்னா. "சும்மாதான். மேல பேனல், ரெண்டாவது மாடியில கதவு பூட்டல. குறுக்கால ஒரு கிள்ளு பொடி போடு." அவ விரல் ஓடுது, டக் டக் டக்குனு கட்டை விழுது, நாலு நிமிசத்துல பழங்காநத்தம் எந்திரிச்சு நிக்குது. கீழ வாட்ச்மேன் சன்னாசி அண்ணன் நாற்காலி இல்ல, செக்ரட்டரி ஹெலன் மேடம் வச்ச ரோஜாத் தொட்டி இல்ல, மத்தபடி அதேதான். இப்பப் பொம்மையைக் கீழ எறக்கு. ரெண்டாவது மாடிக் கதவைச் சரி பண்ணு. "பண்ணிட்டேன்." இப்ப மேல ஏத்து. "ஏறிட்டேன்." இப்ப என்ன? நான் என்ன பண்ணுனேன்? பொம்மை பேனலுக்கு முன்னாடி நின்னு என்னையப் பாக்குது. சதுர மூஞ்சி. அதோட கையில ஒண்ணுமில்ல. நான் அந்த மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருக்கேன், எனக்கு ஞாபகம் வருது புறா வாடை, ஞாபகம் வருது போனு, போன்ல அவ அழுக, அழுகதான் இருக்கு, கை இல்ல, என் கை என்ன பண்ணுச்சுன்னு ஒரு துண்டு கூட இல்ல. மூச்சு வாங்குனது மேல ஏறுனதுனாலயா, கீழ எறங்கி ஓடுனதுனாலயா? ஆத்தாடி. நான் மேல ஏறவே இல்லையா? புறா வாடை மொதத் தடவை போனப்ப வந்ததா? "என்னங்க, அடுத்து என்ன பண்ணணும், சொல்லுங்க?" அடுத்து ஒண்ணும் பண்ணல வினோ. "அப்பப் பொடி அப்படியே இருக்கே." ஆமா. அப்படியே இருக்கு. "யாராச்சும் ரெண்டாவது மாடியில வந்து இழுத்தா?" ஸ்பிரிங்கு பிடிச்சிருந்தா தொறக்காது. "பிடிக்கலைன்னா?" பிடிக்கலைன்னா வினோ, லிஃப்ட் கீழ நிக்கும், கதவு தொறக்கும், உள்ள இருட்டா இருக்கும், ஜனங்க இருட்டைப் பாக்க மாட்டாங்க, கதவு தொறந்துச்சுன்னா லிஃப்ட் இருக்குன்னுதான் நெனப்பாங்க, போனைப் பாத்துக்கிட்டே கால வப்பாங்க. இதை நான் வெளிய சொல்லல. சொல்லலன்னுதான் நெனக்கிறேன்.

சமையக்கட்டுக்குள்ள போயி சன்னாசி அண்ணனுக்குப் போன் போட்டேன். மணி அடிக்குது, எடுக்கல. திரும்பப் போட்டேன். எடுக்கல. ஞாயித்துக்கிழமை மனுசன் கார் கழுவுவாரு, போனை நாற்காலியிலயே வச்சுட்டுப் போயிருவாரு. மணி பதினொண்ணு பத்து. பொடி எடுக்கலைன்னு இவ சொல்லி அரை மணி நேரம் ஆச்சு. அரை மணி நேரமா நான் வெங்காயம் உரிச்சேன், பையைத் தொழாவுனேன், வெளையாட்டுக் காமிக்கச் சொல்லிப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஹெலன் மேடம் நம்பர் இருக்கு. ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், ஒரு தடவை மிஷின் ரூம்ல பீடித் துண்டு கெடந்துச்சுன்னு கம்பெனிக்கு மூணு பக்கம் லெட்டர் எழுதுனவங்க. அவங்களுக்குப் போட்டு, லிஃப்டை நிப்பாட்டுங்க மேடம்னா, ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா, அடுத்த போனு சூப்பர்வைசர் ஜெகன் சாருக்குப் போகும். சேஃப்டி பைபாஸை, அதான் அந்தக் குறுக்கு ஒயரை எடுக்காம வந்தவன் அதோட வேலையில இருக்க முடியாது, எந்தக் கம்பெனியிலயும் இருக்க முடியாது, இந்தத் தொழில்ல பேச்சு பரவ ஒரு நாள் போதும். ரெண்டு மாசத்துல புள்ள வரப்போகுது. பஸ்ஸைப் புடிச்சு நானே போயிரலாமா? இங்க ஒத்தக்கடையில இருந்து ரெண்டு பஸ்ஸு, ஒண்ணே கால் மணி நேரம், யாருக்கும் தெரியாம ஏறி, யாருக்கும் தெரியாம எடுத்துட்டு. அந்த ஒண்ணே கால் மணி நேரத்துல? எத்தனை வீடு அங்க, மாடிக்கு நாலு. சர்ச்சுக்குப் போனவங்க திரும்புற நேரம். கறி வாங்கிட்டு வர்ற நேரம். ரெண்டு கையிலயும் பை, முழங்கையால கதவை இழுப்பாங்க. அடச்சீ, நான் யாரைப் பத்தி யோசிச்சுக்கிட்டிருக்கேன்? என் வேலையைப் பத்தி. ஒருத்தர் சாகப் போறாங்க, நான் பஸ்ஸு நேரத்தைப் பாக்கறேன். இப்பவே விழுந்திருந்தா? அதனாலதான் சன்னாசி அண்ணன் போனை எடுக்கலையா? அங்க கூட்டமா நிக்கறாங்களா? பயமா இருக்கு. இவ்வளவு பயம் நேத்து ஆஸ்பத்திரியில கூட இல்ல, அங்க என் கையில எதுவுமில்ல, இது என் கையால வந்தது. ஹெலன் மேடம் பேரு மேல கட்டை விரலை வச்சுக்கிட்டு அமுக்காம நிக்கறேன், அமுக்கு, அமுக்குடா, விரல் வரல. அப்பப் பாத்து போனே அடிச்சுது, எடுத்த அவசரத்துல ஸ்பீக்கரையும் சேத்து அமுக்கிட்டேன். சன்னாசி அண்ணன்.

"என்னா தம்பி, ரெண்டு தடவை கூப்பிட்டிருக்க? கார் கழுவிக்கிட்டிருந்தேன்." அண்ணே, எல்லாரும் நல்லாருக்காங்களா? வேற எதுவும் வாயில வரல. "என்னப்பா கேள்வி இது, நல்லாத்தான் இருக்காக." அண்ணே, ஓடிப் போயி மிஷின் ரூம்ல மெயினை ஆஃப் பண்ணுங்க. ஏன்னு கேக்காதீங்க. லைன்லயே இருங்க. அவர் படியேறுற மூச்சு காதுல கேக்குது, செருப்பு சத்தம், நடுவுல யாருக்கோ வணக்கம் வேற வைக்கறாரு, எனக்கு உயிரு போகுது. சாவி திருகுற சத்தம். மெயின் விழுற சத்தம், அது பெரிய சத்தம். "ஆஃப் பண்ணியாச்சு." அண்ணே, பக்கத்துல சாம்பக் கலரு பொட்டி, அது மூடியிருக்கா? "எங்க, பப்பரப்பேனு தொறந்துல்ல கெடக்கு. மஞ்ச ஒயரு ஒண்ணு தொங்குது, உன்னுதா?" நான் சமையக்கட்டுத் தரையில உக்காந்துட்டேன். அந்த டக்கு சத்தம், அவ்வளவு தெளிவா கேட்டுச்சே, அது இந்தப் பொட்டியோடது இல்ல. ஆமாண்ணே, என்னுதுதான். அதைத் தொடாதீங்க. ரெண்டாவது மாடிக் கதவை மட்டும்... "அதுவா? அதைக் காலையிலயே கயித்தைப் போட்டுக் கட்டி வச்சுட்டேன்." ஏண்ணே? அவர் கொரலைத் தாழ்த்திக்கிட்டு, கையை வாய்ப்பக்கம் வச்சுக்கிட்டாரு போல. "ஏழு மணிக்கு அந்த ரெண்டாவது மாடி மெர்சிம்மா பால் வாங்கக் கெளம்புச்சு. நான் பேப்பர் போட அங்கனதான் நின்னேன். கதவை இழுத்துச்சு, தொறந்துச்சு, காலை வச்சுருச்சுப்பா. உள்ள லிஃப்ட் இல்ல. சேலையைப் புடிச்சு இழுத்துட்டேன். ஒரு செருப்பு மட்டும் உள்ள போயிருச்சு. அது கீழ விழுந்த சத்தம் கேட்டப்புறம்தான் அந்தம்மாவுக்கு அழுகையே வந்துச்சு." ஏழு மணி. ஏழு மணிக்கு நான் வினோவுக்குக் காப்பி ஆத்திக்கிட்டிருந்தேன். "நான் ஹெலன் மேடத்துக்கிட்ட மூச்சு விடல. கதவு பழசு, துருப்புடிச்சுப் போச்சுன்னு அந்தம்மாகிட்டயும் சொல்லிட்டேன். நீ நல்ல பையன், சம்சாரம் வேற உண்டாயிருக்கு, உன் பொழைப்பு போயிரக் கூடாதுல்ல. நாளைக்கு வந்து சத்தங்காட்டாம எடுத்துட்டுப் போயிரு." அண்ணே, ஏழு மணியில இருந்து லிஃப்ட் ஓடிக்கிட்டா இருந்துச்சு? "ஓடாம? மேல இருக்கவுக எப்படி எறங்குவாக? அதான் கயிறு கட்டியிருக்கேன்ல." சரிண்ணே. "வரும்போது அந்தச் செருப்பை மட்டும் எடுத்துக் குடுத்துருப்பா. புதுச் செருப்பாம், கேட்டுக்கிட்டே இருக்கு."

அவர் போனை வச்சுட்டாரு. தரை ஜில்லுனு இருக்கு. வாசப்படியில நெழலு விழுந்துச்சு, வினோ சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கறா, எந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருந்தும் எந்திரிச்சு நடந்து வந்துட்டா. போயி படு வினோ. "எல்லாம் கேட்டுச்சு. நான் நேத்து போன் பண்ணுனதுனாலயா?" இல்லடி. "பொய் சொல்லாதீங்க." போனு வந்ததுனால ஓடுனேன், ஓடுனவன் நான்தான, ஒயரு போட்ட கை என் கைதான. அவ வயித்தைப் புடிச்சுக்கிட்டிருக்கா. எனக்கு எதைப் பாக்கறதுன்னு தெரியல, அவ மூஞ்சியையா, வயித்தையா. "அந்த வாட்ச்மேன் அண்ணன் அங்கிட்டுத் திரும்பி நின்னிருந்தா?" நானும் அதைத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். பேப்பர் ஒரு நிமிசம் முன்னாடி போட்டிருந்தா. அந்தம்மா இல்லாம வேற யாராவது, கையில புள்ளையோட வந்திருந்தா. அவர் வெளிய சொல்ல மாட்டாரு. மெர்சிம்மாவுக்குத் தெரியாது. நாளைக்குப் போயி ஒயரை எடுத்து, ஸ்பிரிங்கு மாத்தி, குழிக்குள்ள எறங்கிச் செருப்பை எடுத்துத் தொடைச்சுக் குடுத்துட்டு வந்துட்டா முடிஞ்சுது. நான் நல்ல பையன். அப்படியே இருக்கலாம். கயிறு கட்டுன கதவோட காலையில இருந்து நாலு மணி நேரம் அந்த லிஃப்டை ஓட்டியிருக்காரு மனுசன், எனக்காக. நான் சொல்லாம விட்டா, அந்தம்மா சாகுற வரைக்கும் கதவு துருன்னுதான் நெனச்சுக்கிட்டிருக்கும். வினோ பைய எங்கிட்ட வந்து, உக்கார முடியாம, நின்ன வாக்குலயே என் தலையில கையை வச்சா. வெரல் ஜில்லுனு இருக்கு. "பயமா இருக்குங்க." எனக்கும்தான். "பரவால்ல, அந்த மேடத்துக்கிட்ட சொல்லிருங்க." நான் போனை எடுத்தேன். இந்தத் தடவை ஹெலன் மேடம் பேரை விரல் தானா அமுக்கிருச்சு. மூணாவது மணியில எடுத்துட்டாங்க, பின்னாடி டிவியில ஏதோ செபம் ஓடுது, யாரு பேசறதுன்னு அதட்டுறாங்க. "மேடம், சோலைராஜ் பேசறேன். நேத்து உங்க லிஃப்டை ரிப்பேர் பண்ணுனது நான்தான். மெர்சிம்மா வீட்டுல இருந்தா அவங்களையும் கூப்பிடுங்க மேடம், அவங்க முன்னாடி சொல்லணும்."